அரை மணி நேரச் சூரிய வணக்கம்

ஆயிரத்து இருநூறு அடி பாறையைத் துளைக்கிற லாரி, அரை விரல்கடை பல்லைத் துளைக்கிற கிளினிக்கின் வாசலை மறித்துக்கொண்டு நின்றது. திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் லாரி நிற்காத தெரு கிடையாதுதான். ஆனால் இந்த லாரி நின்ற விதம் வேறு. படிக்கட்டுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில், குலதெய்வத்தை நினைத்தபடி நுழையலாம். மாதையன் நுழைந்தான். அவன் சட்டையின் மூன்றாவது பொத்தான் நுழையவில்லை. தெறித்து லாரிக்கு அடியில் போய் விழுந்தது.

இருபத்திரண்டு வருஷம் ஈரோடு - சேலம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் மாதையன். எண்பது பேர் நிற்கிற பஸ்ஸில் எண்பத்தோராவது ஆளுக்கு இடம் கண்டுபிடித்தவனுக்கு, ஒரு லாரிக்குத் தோற்றதில் மனசு கசந்தது. இப்போது அவன் துப்பறிவாளர் கோகிலவாணியின் உதவியாளன். கோகிலவாணி இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் விசாரணை அதிகாரியாக இருந்து, செத்துப்போனதாகச் சர்டிபிகேட் வாங்கிய பதினாறு பேரை உயிரோடு பிடித்துக் கொடுத்தவர். அதில் இரண்டு பேர் அவரைப் பார்த்த அதிர்ச்சியில் நிஜமாகவே செத்துப்போனார்கள் என்று மாதையன் சொல்வான். பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பலாம்.

"எத்தனை நாளா நிக்குதுங்க டாக்டர் இந்தத் தேரு?" என்றான் உள்ளே போனதும்.

"ஒன்பது நாளா." பல் டாக்டர் ஜெயப்பிரியா ஒன்பது நாளும் தூங்காத கண்ணோடு இருந்தாள். "ஸ்டேஷன்ல சொன்னேன். லாரி ரிப்பேராம். மெக்கானிக் காபி குடிக்கப் போயிருக்காராம்."

"ஒன்பது நாளாங்களா? அப்ப காபித் தோட்டத்துக்கே போயிருப்பாரு."

கோகிலவாணி கையைக் காட்டி அவனை அடக்கினார். ஜெயப்பிரியா போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். வயசான ஒருத்தியின் திறந்த வாய். கீழ் ஈறுக்கு நடுவே, உடைந்த சாக்பீஸ் மாதிரி வெளுப்பாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"பழனியம்மாள். அறுபத்தொன்பது வயசு. ரிக் லாரி பூபதியோட அம்மா. ரெண்டு மாசம் முந்தி ஆடற பல்லு ஒண்ணு எடுத்தேன். புண்ணு ஆறவேயில்லை. நீங்க பார்க்கறது தாடை எலும்பு. அந்த எடத்துல அது செத்துப்போச்சு."

"எலும்பு தனியா சாகுமாங்க? ஆளோட சேர்ந்துதானே சாகும்" என்றான் மாதையன்.

"எலும்பைக் கெட்டிப்படுத்தற மாத்திரை ஒண்ணு இருக்குது. எலும்பு தேஞ்சவங்களுக்கு நல்ல மருந்துதான். டாக்டர் பார்த்துக் குடுத்தா, பல்லு எடுக்கறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா, ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட இப்படி ஆகறது அபூர்வம். ஆனா வருஷக்கணக்கா கேள்வி முறை இல்லாம முழுங்கினா, சில பேருக்கு இது வரும். பழைய எலும்பைக் கரைச்சுட்டுப் புதுசு கட்டினாத்தான் பல்லு எடுத்த குழி ஆறும். கரைக்கற வேலையாளை மாத்திரை கட்டிப் போட்டிருச்சுன்னா, குழி குழியாவேதான் கெடக்கும்."

"அப்ப அந்த அம்மா அதைச் சாப்பிடறாங்க" என்றார் கோகிலவாணி.

"அங்கதான் மேடம் மாட்டிக்கிட்டேன். பல்லு எடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டேன். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, எலும்பு டாக்டர் வாசப்படியே மிதிச்சதில்லைன்னு சொல்லிக் கையெழுத்தும் போட்டாங்க. பொய் சொல்ற மொகமும் இல்லை. என்னாலதான் எலும்பு ஒடைஞ்சுதுன்னு பூபதி லாரியைக் கொண்டாந்து நிறுத்திட்டாரு. அது போகட்டும். நாளைக்குப் பதினோரு மணிக்கு சேலத்துல ஒரு பல் ஆஸ்பத்திரியில, மிச்சம் இருக்கற பதினேழு பல்லையும் ஒரே மூச்சுல எடுத்துட்டு, திருகாணி முடுக்கிப் புதுப் பல்லு வெக்கப் போறாங்க. ஒண்ணு எடுத்ததுக்கே இந்தக் கதி."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"பூபதி என் நம்பரை பிளாக் பண்ணிட்டாரு. அந்த ஆஸ்பத்திரி டாக்டர், தொழில்ல பொறாமை கூடாதும்மான்னு புத்தி சொன்னாரு. என்ன மாத்திரை, எத்தனை வருஷமான்னு கையில ஆதாரம் இருந்தாத்தான் நிறுத்துவாங்க."

ஒரு மாத்திரை. பெயர் தெரியாது, இருக்கிறதா என்றும் தெரியாது. நாளைக் காலை பதினோரு மணி. கோகிலவாணி தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். ஜெயப்பிரியா அந்த வகை மாத்திரையோடு வருகிற விளக்கத் தாள் ஒன்றை அவர் கையில் கொடுத்து, அந்தப் படத்தையும் அவர் போனுக்கு அனுப்பினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே முக்கால். பூபதியின் வீடு ஊருக்கு வெளியே, ரிக் லாரி சம்பாத்தியத்துக்கு உரிய அளவில், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி நின்றது. பூபதியின் மனைவி தீபிகா சத்தமில்லாமல் கேட்டைத் திறந்துவிட்டாள். மாமியார் மூன்று வாரமாகக் கஞ்சியைத் தவிர எதையும் விழுங்காததைப் பார்த்துப் பார்த்து, டாக்டருக்கு ரகசியமாகப் போன் செய்தவள் அவள்தான்.

"மாமா தூங்கறாருங்க. எட்டு மணிக்குத்தான் எந்திரிப்பாரு. அதுக்குள்ள பேசிட்டுப் போயிருங்க. ஆனா அத்தை இப்ப சூரியனைக் கும்பிட்டுட்டு இருக்காங்க."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மேகம், நாமக்கல் லாரியெல்லாம் கூட்டம் போட்டுப் புகை விட்டது போல ஒரே கருப்பு. சூரியன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் பழனியம்மாள் போர்ட்டிகோவில், பூபதியின் காருக்கும் சுவருக்கும் நடுவே, சுவரைப் பார்த்து விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஒரு பெரிய எவர்சில்வர் சொம்பு, காலி. பக்கத்து ஸ்டூலில் தீபிகா வைத்த காபி, ஆடை கட்டிக் கிடந்தது.

"நல்ல பக்தி" என்று மாதையன் முணுமுணுத்தான். "சூரியன் லீவு போட்டாலும் இவங்க டூட்டிக்கு வந்துடறாங்க."

ஒரு பூனை ஸ்டூலில் ஏறியது. டம்ளர் உருண்டு காபி தரையெங்கும் ஓடியது. கொங்கு நாட்டில் பிறந்த எந்தப் பெண்பிள்ளையும் கீழே விழுந்த பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதாகச் சரித்திரம் இல்லை. பழனியம்மாள் நின்றார். காபி அவர் பாதத்தை நனைத்தது. குனியவில்லை.

இரண்டு நிமிஷம் கழித்து இடுப்பில் செருகியிருந்த செல்போன் அலறியது. பழனியம்மாள் அதை அணைத்தார். பிளாஸ்டிக் சேரில் தொப்பென்று உட்கார்ந்தார். "அம்மிணி, காபி" என்றார். அவ்வளவுதான் பூஜை.

கோகிலவாணி பக்கத்தில் போய்க் குந்தினார். "எத்தனை வருஷமாங்க இந்தக் கும்பிடு?"

பழனியம்மாள் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு ஆறு விரல் காட்டினார்.

"யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

வானத்தைக் காட்டினார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமை மட்டும்தானுங்க" என்றாள் தீபிகா. "மத்த நாள்ல வெயில்னாலே ஆகாது."

கோகிலவாணியின் பார்வை ஜன்னல் வழியே பழனியம்மாளின் அறைக்குள் போயிற்று. அலமாரியில், இஸ்திரி போட்டது போல மடித்து அடுக்கிய பாலிதீன் கவர்கள். ஐம்பது, அறுபது இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே ஆட்டையாம்பட்டி முறுக்குக் கடையின் பெயர்.

"கஞ்சி எறங்கவே பாடு. இவ்வளவு முறுக்கு யாரு திங்கறது?"

"நாங்கதானுங்க. மாசாமாசம் பஸ்ல பார்சல் வரும். எத்தனை மழையானாலும் அத்தையே பஸ் ஸ்டாண்டுக்குப் போயி வாங்கிட்டு வருவாங்க. வேற ஆளை அனுப்ப மாட்டாங்க. ரூமைச் சாத்திப் பிரிச்சுட்டு, பொறவுதான் எங்களுக்குத் தருவாங்க."

மாடியில் யாரோ கொட்டாவி விடுகிற சத்தம் கேட்டது. ரிக் ஓட்டுகிறவரின் கொட்டாவி; ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டார்கள்.

கோகிலவாணியின் பழைய மாருதி, ஸ்டார்ட் ஆவதா வேண்டாமா என்று தன்னோடு தானே விவாதித்துவிட்டுக் கிளம்பியது.

"மாதையா, சூரியனே இல்லாத நாள்ல சூரிய வணக்கம். அதுவும் செவுத்தைப் பார்த்து. காபி கூடாது, வெறும் தண்ணி ஒரு சொம்பு. எண்ணி அரை மணி நேரம், அலாரம் வெச்சு. காபி கொட்டினாக்கூடக் குனியக் கூடாது. இது எந்தச் சாமிக்கு உண்டான விதி?"

"ரொம்பக் கண்டிப்பான சாமிங்க. எங்க டிப்போ மேனேஜர் மாதிரி."

"டாக்டர் குடுத்த தாளைப் படி."

மாதையன் படித்தான். வாரம் ஒரு முறை. காலையில் வெறும் வயிற்றில். ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீருடன். காபி, டீ, பால் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாகிவிடும் என்பதால், அரை மணி நேரம் படுக்கக் கூடாது. நேராக நிற்கவோ உட்காரவோ வேண்டும்.

அவன் இரண்டாம் தரம் படித்தான். கடைசி ஸ்டாப்பில் தூங்கி எழுந்த பயணி மாதிரி வெளியே பார்த்தான்.

"அப்ப அந்தம்மா ஆறு வருஷமா கும்பிட்டது..."

"மாத்திரைச் சீட்டை. யாரோ ஒரு கெட்டிக்காரன் இந்தத் தாளை அப்படியே சாமி ஆக்கியிருக்கான். முறுக்குப் பொட்டலத்துல வெச்சு அனுப்பறான். அனுப்பறது யாருன்னு உன் பழைய ஆளுங்களைக் கேளு."

கேட்பதற்கு ஒரு போன் போதுமாக இருந்தது. ஆட்டையாம்பட்டி வழித்தடத்துக் கண்டக்டர் சின்னான், பஸ் இரைச்சலுக்கு மேலே கத்தினான்.

"மாடி வைத்தியர் செந்தமிழன் பார்சல்தானே அது. முறுக்குக் கடைக்கு மேல் மாடி. அது முறுக்கு மட்டும் இல்லைப்பா. குலுக்குனா முறுக்கு ஒரு சத்தம் போடும், உள்ள பொடிசா இன்னொண்ணு ஒரு சத்தம் போடும். இருபது வருஷமா முறுக்கு குலுக்கறவனுக்குத் தெரியாதா?"

ஆட்டையாம்பட்டியில் எட்டே கால். கீழே முறுக்குக் கடை, மேலே 'வஜ்ர தேகம் எலும்பு வைத்தியசாலை'. பெயர்ப் பலகையில் ஒரு பயில்வான் கையால் தண்டவாளத்தை வளைத்துக்கொண்டிருந்தான். படியேறும்போது மாதையன் மொட்டை மாடி ஓரத்தில் ஒரு பெரிய எவர்சில்வர் சொம்பைப் பார்த்தான். காலி. பக்கத்தில் ஒரு செல்போன். ஈரத் தரையில் இரண்டு பாதச்சுவடுகள், சுவரைப் பார்த்தபடி. அவன் கோகிலவாணியைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டு, சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

வைத்தியர் செந்தமிழனின் முகம் பௌர்ணமி. ஒரு கன்னம் மட்டும் பௌர்ணமிக்கு அடுத்த நாளும் வளர்ந்தது போல வீங்கியிருந்தது. அறை முழுக்கக் கிராம்பு வாசனை.

"நாப்பத்தெட்டு மூலிகைங்க. கொல்லிமலையில அமாவாசைக்கு அமாவாசை நானே போயிப் பறிக்கறது." வைத்தியர் ஒரு காகிதத்தைப் பிரித்துப் பச்சை நிற வில்லை ஒன்றைக் காட்டினார். "வெறும் வயித்துல தண்ணியோட போட்டுட்டு அரை மணி நேரம் சூரியனை நோக்கி நிக்கணும். சூரிய சக்தி முதுகெலும்புல எறங்கும். வெளிய சொல்லக் கூடாது. சொன்னாப் பலிக்காது."

"இங்கிலீஷ் மருந்து கலந்திருக்குமோன்னு ஊருக்குள்ள பேச்சு" என்றார் கோகிலவாணி.

"ஒரு பொட்டு கலந்திருந்தா என் நாக்கு அழுகிப்போகட்டும்ங்க. நானே அஞ்சு வருஷமா இதைத்தான் சாப்பிடறேன். என்ற ஒடம்பைப் பாருங்க."

மாதையன் கீழே வாங்கிய முறுக்குப் பொட்டலத்தை நீட்டினான். வைத்தியர் மரியாதைக்கு ஒன்று எடுத்து, இடது பக்கம் ஒதுக்கி, எலி மாதிரி ஓரம் ஓரமாகக் கொறித்தார்.

"தண்டவாளத்தை வளைக்கற ஆளு, முறுக்குக்கிட்ட இப்படிச் சமாதானமாப் போறீங்களே" என்றான் மாதையன்.

"கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தைங்க. நாளைக்குப் புடுங்கறதுக்கு சேலம் போறேன்."

கோகிலவாணியின் முகத்தில் அப்போது வந்த கனிவை மாதையனுக்குத் தெரியும். பதினாறு பிணங்களும் அதைப் பார்த்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்தன.

"நல்லாப் புடுங்குங்க" என்றவர், போனை எடுத்து அந்தப் படத்தை வைத்தியரின் மூக்குக்கு நேரே நீட்டினார். "உங்களுக்கு ஒரு பயமும் இல்லை. இந்த அம்மாவைப் பாருங்க, பாவம். எலும்புக்கு ஒரு இங்கிலீஷ் மாத்திரை, வருஷக்கணக்கா, வாராவாரம். அதோட ஒரு பல்லு எடுத்தாங்க. தாடை எலும்பு செத்து வெளிய வந்துருச்சு. அந்த மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்டச் சொல்லாம பல்லைத் தொடவே கூடாதாம். நீங்க மூலிகை ஆளு. தாராளமாப் புடுங்கலாம். வா மாதையா, போகலாம்."

வைத்தியரின் வாயிலிருந்து முறுக்கு கீழே விழுந்தது.

இருவரும் படியிறங்கினார்கள். மெதுவாக. மாதையன் படிகளை எண்ணினான். பஸ் நகரும்போது கடைசி நொடியில் ஓடி வருகிற ஆளை அவன் இருபத்திரண்டு வருஷம் பார்த்திருக்கிறான். ஐந்து. ஆறு. ஏழு.

"ஏனுங்க அம்மிணி. சித்தெ நில்லுங்க."

எட்டாவது படியில் நின்றார்கள்.

"அந்த மாத்திரை பேரு என்னங்க?"

"உங்களுக்கெதுக்குங்க அதெல்லாம்? உங்களுது அமாவாசைச் சமாச்சாரம்."

வைத்தியர் உள்ளே ஓடினார். பலகையில் இருந்த பயில்வான்கூட அவ்வளவு வேகமாக ஓடியிருக்க மாட்டான். சுவரில் மாட்டியிருந்த வள்ளலார் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு கொத்து மாத்திரை அட்டைகளை உருவிக்கொண்டு திரும்பி வந்தார். இரண்டு கையாலும் ஏந்தி, பரீட்சை ரிசல்ட் கேட்கிற பிள்ளை மாதிரி நீட்டினார்.

"இது இல்லீங்களே?"

கோகிலவாணி படித்தார். அலென்ட்ரோனேட், எழுபது மில்லிகிராம், வாரம் ஒன்று. "இதேதானுங்க" என்றார். "வேற என்ன குடுக்கறீங்க?"

"வலி தெரியாம இருக்கோணும்னு தினத்துக்கு ஒரு ஸ்டீராய்டுங்க." இன்னொரு அட்டை வந்தது. வைத்தியர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மேல கரிசலாங்கண்ணிச் சாறு பூசினதுதானுங்க மூலிகை."

"தெரிஞ்சே ஏன்யா நீயும் முழுங்கினே?" என்றான் மாதையன். அவனுக்கு நிஜமாகவே ஆச்சரியம்.

"எல்லாருக்கும் முதுகுவலி போச்சுன்னாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே நம்பிக்கை வந்துருச்சு."

"அந்தச் சூரிய வணக்கம்?"

"படுக்காதீங்கன்னு சும்மா சொன்னா எவனும் கேக்க மாட்டேங்கறான். சாமின்னா நிக்கறான்." சொல்லும்போது அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. பிறகு வீங்கிய கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பெருமை உள்ளே போய்விட்டது.

கைவிலங்கு தேவைப்படவில்லை. தாடைக்குப் பயந்தவர் தானாகவே காரில் ஏறினார். சேலம் போகிற வழி நெடுக, பின் சீட்டில் உட்கார்ந்து, மருந்து வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் போட்டார். முன் சீட்டிலிருந்து மாதையன் ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் உதட்டைக் குவித்து விசிலடித்து, "அடுத்த ஸ்டாப்" என்றான்.

"அம்மிணி, நான் வைத்தியரு பேசறேன். ஞாயித்துக்கெழமை வில்லை... அது மூலிகை இல்லீங்க. டாக்டர்கிட்டப் போய்க் காட்டுங்க. அதுவரைக்கும் பல்லு புடுங்கிடாதீங்க. தினத்துக்குப் போடறதைத் திடீர்னு நிறுத்தவும் வேண்டாங்க." மறுமுனையிலிருந்து வந்த பதில்களில் பெரும்பாலானவற்றை எழுத்தில் போட முடியாது. முப்பத்தோரு வீட்டிலும் சேர்த்து அவருடைய ஏழு தலைமுறையும் காலியானது.

சேலம் ஆஸ்பத்திரியில் பதினொன்றுக்குப் பத்து நிமிஷம். பழனியம்மாள் கழுத்தில் நீலத் துண்டோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பூபதி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார், அவருடைய லாரியைப் போலவே.

"டாக்டரம்மா அனுப்புன ஆளுங்களா? போயிருங்க. என்ற அம்மா மாத்திரையே தொட்டதில்லை. அது பொய் சொல்லாது."

"சொல்லலை" என்றார் கோகிலவாணி. "அவங்களுக்கே தெரியாது." விலகி நின்று, பின்னால் ஒளிந்திருந்தவரை முன்னே தள்ளினார்.

பழனியம்மாள் வைத்தியரைப் பார்த்தார். அவர் கையில் இருந்த அட்டையைப் பார்த்தார். வைத்தியர் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கையில் குறடோடு நின்ற ஆஸ்பத்திரி டாக்டர், அட்டையின் பெயரைப் படித்ததும், குறடு சுட்டது போல அதைத் தட்டில் வைத்தார். "இந்தக் கேஸை நாங்க எடுக்கறதில்லைங்க" என்றார். ஒரு நிமிஷம் முன்புவரை எடுப்பதாக இருந்தவர்.

மாதையன் ஜெயப்பிரியாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"பேரு கெடைச்சுதா? ஆறு வருஷமா? ஸ்டீராய்டுமா?" அவள் பெருமூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது. "இனி ஒரு பல்லையும் தொட வேண்டாம். வாய் கொப்புளிக்க மருந்து தாரேன், கிருமிக்கு மாத்திரை தாரேன். செத்த எலும்பு தானா ஆட்டம் கண்டா, அந்தத் துண்டை மட்டும் பதமா எடுக்கணும். தாடை சர்ஜன்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். எலும்பு மாத்திரையை வெக்கறதா நிறுத்தறதான்னு எலும்பு டாக்டர் சொல்லட்டும். ஸ்டீராய்டைப் படிப்படியாத்தான் கொறைக்கணும்."

"ஆறுமா?" என்றார் பூபதி. ரிக் மோட்டார் குரல் பல்விளக்கும் பிரஷ் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"மாசக்கணக்கு ஆகும். ஆற நல்ல வாய்ப்பு இருக்குது. பதினேழும் வாயிலயே இருந்தா."

பூபதி வாசலை விட்டு நகர்ந்தார். பழனியம்மாள் கழுத்துத் துண்டை அவிழ்த்துத் தட்டில் போட்டார். நாற்காலியை விட்டு இறங்கினார். தாடையை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, மூன்று வாரத்தில் முதன்முறையாக முழுசாக ஒரு வாக்கியம் பேசினார்.

"பூபதி, மொதல்ல அந்தப் புள்ள வாசல்ல இருந்து லாரிய எடு."

"அது ரிப்பேருங்கம்மா. மெக்கானிக்கு..."

அம்மா பார்த்தார். அவ்வளவுதான்.

ஒன்பது நாளாகக் காபி குடிக்கப் போயிருந்த மெக்கானிக், அன்றைக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்குள் திரும்பி வந்துவிட்டார். லாரி முதல் திருகலிலேயே ஸ்டார்ட் ஆகி, நல்ல பிள்ளையாகத் தெருவை விட்டுப் போயிற்று. அது நின்ற இடத்தில், எண்ணெய்க் கறைக்கு நடுவே, மாதையனின் சட்டைப் பொத்தான் கிடந்தது.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. குனியலாமா மேடம்?" என்று கேட்டுவிட்டு, அவன் குனிந்து அதை எடுத்துக்கொண்டான்.